வடிவேலு சொல்லாத விடை

தவிக்கிறவன் ஒருவன் கெஞ்சிக் கேட்டும், தெரிந்த விடையைச் சொல்லாமல் இருந்துவிடுகிற மனிதரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

கல்நெஞ்சர் என்றா? ஜமால் முகம்மதுவும் அப்படித்தான் அழைத்தான்.

சிங்கப்பூரில், 1964-ஆம் ஆண்டு, மருத்துவ மாணவர்களின் இறுதித் தேர்வு. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நோயாளி. அரை மணி நேரம் அவரைச் சோதித்துவிட்டு, நோய் இன்னதென்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். ஜமாலுக்கு இது இரண்டாம் முயற்சி.

திரையை விலக்கியதும் அவன் முகம் மலர்ந்தது. கட்டிலில் இருந்தவர் வடிவேலு!

அவரைத் தெரியாத மாணவன் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முப்பது வயதிலேயே நெஞ்சு நோய் வந்து, இப்போது ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புக்கடையில் உட்கார்ந்து ஆணி நிறுக்கிறார். ஆண்டுதோறும் தேர்வுக்கு அவரை வரவழைப்பார்கள். வெள்ளைக்காரத் தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பையன் வந்தால் வடிவேலு விடையைக் காதில் போட்டுவிடுவார் என்பது மூத்த மாணவர்கள் சொல்லிவிட்டுப் போன ரகசியம்.

"அண்ணே, என்ன வியாதின்னு சொல்லிடுங்க லா."

"நெஞ்சு இங்கேதானே இருக்கு தம்பி. குழாயை வச்சுக் கேளுங்க."

"கேட்டுட்டேன், ஒண்ணும் புரியல. வால்வு கோளாறுதானே?"

வடிவேலு கூரையைப் பார்த்தார்.

"போன தடவையே ஃபெயிலு அண்ணே. ஒரே ஒரு வார்த்தை!"

"இடது பக்கமாச் சாஞ்சு படுக்கிறேன். நிதானமா இன்னொரு தரம் கேளுங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல!"

ஜமால் தேர்வாளரிடம் 'வால்வு' என்றான். நான்காம் நாள் பலகையில் ஒட்டிய பட்டியலில் அவன் எண் இல்லை. மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

கேன்டீனில் நண்பன் அழகப்பன் சிரித்தான். "நம்மாளுன்னு நம்பிப் போனே, கவுத்துட்டாரா? ஒரு மைலோ டின் வாங்கிட்டுப் போயிருக்கணும் லா!"

வாசகரே, நீங்களும் தலையசைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

அன்று நண்பகலே ஜமால் இரும்புக்கடையில் போய் நின்றான்.

"இப்பச் சந்தோஷமா அண்ணே? மத்தவங்களுக்குச் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல? பாய் வீட்டுப் பிள்ளைன்னா?"

"சேச்சே! என்ன பேச்சு இது?" வடிவேலு தராசைக் கீழே வைத்தார். "உட்காருங்க. எழுந்து நின்னு பேசினா எனக்கு மூச்சு வாங்கும்."

ஜமால் உட்காரவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு தம்பிக்குச் சொன்னேன். 'வால்வு நல்லாத்தான் இருக்கு, இதயத்தோட தசைதான் தளர்ந்துபோச்சு'ன்னு, பெரிய டாக்டர் எங்கிட்டச் சொன்னதை அப்படியே சொன்னேன். பாஸ் பண்ணினார். இந்தக் கடைக்கே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நல்ல பிள்ளை."

"அதைத்தான் நானும் கேட்டேன்!"

"என் தங்கச்சி சரஸ்வதிக்கு அடுத்த வருஷம் பிள்ளை பிறந்துச்சு. பத்தாம் நாள் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்தே கிடந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அங்கே பார்த்தா அதே தம்பி, டாக்டரா நிக்கிறார். எனக்கு உயிர் வந்துச்சு. அவரும் குழாயை வச்சுக் கேட்டார். 'பச்சை உடம்பு, களைப்புதான்'னு டானிக் எழுதிக் கொடுத்தார்."

ஜமால் ஓரடி முன்னே வந்தான். "அப்புறம்?"

"மறுநாள் போயிட்டா. அவளுக்கும் என்னோட நோய்தான், எங்க குடும்பத்துல ஓடுதுன்னு பிறகுதான் பெரிய டாக்டர் சொன்னார்."

கடைக்காரர் எதையோ கேட்டார். வடிவேலு கையமர்த்தினார்.

"அந்தத் தம்பி மேல தப்பில்ல. தேர்வன்னைக்கு அவர் என் சொல்லைத்தான் கேட்டார். என் நெஞ்சைக் கேட்கவே இல்ல. கேட்க விடாம செஞ்சவன் நான். இனிமே யாருக்கும் சொல்றதில்லைன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்."

ஜமால் மெல்ல ஆணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

அப்போது ஓர் இளம்பெண் தூக்குச்சட்டியோடு கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் ஏறி, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"மெதுவா வா, அன்னம்மா. தம்பி, இவ என் சின்னத் தங்கச்சி. இப்ப மூணாம் மாசம். இவளுக்கும் இந்த நோய் வரலாம்னு பெரிய டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். ஆனா பிரசவத்தன்னைக்கு வார்டுல நிக்கப்போறது புது டாக்டருங்கதானே? ஆறு மாசத்துல நீங்க பாஸ் பண்ணிடுவீங்க. இவ வலியோட வர்றப்போ நீங்களே நின்னாலும் நிப்பீங்க."

வடிவேலு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கடையின் பின்புறம் கிடந்த விசுப்பலகையில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தார்.

"குழாய் பையிலதானே இருக்கு? வெளியில எடுங்க. நாளைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. இந்த நோய் எப்படிச் சத்தம் போடுதுன்னு, இவளுக்காக, இன்னைக்கே கேட்டுக்குங்க!"