சாமான் அறைச் சபை

கொண்டியைப் போட்டாள்.

வீட்டில் உள்ளிருந்து அடைத்துக்கொள்ளக்கூடிய அறை இது ஒன்றுதான். அரிசி டிரம், வெங்காயக் கூடை, காலி கேஸ் சிலிண்டர். மிச்சமிருந்த இடத்தில் முழங்கால் போட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

காலையில் சபைக்குருவின் மனைவி ஐயரம்மாவுக்குப் போன் செய்து, சாயங்காலக் கூட்டத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

இனிமேல் பெண்கள் சங்கத்தில் நான் ஜெபிக்க மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள். அவ்வளவுதான்.

கேட்டால் ஊர் நம்பாது. ஜெபத்துக்கு அவளை விட்டால் ஆள் ஏது? புது வீட்டில் பால் காய்ச்சினாலும் அவள், பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் அவள், ஆபரேஷன் என்றாலும் அவள். கண்ணை மூடினால் போதும், வார்த்தை கொட்டும்.

தனியே உட்கார்ந்தால்தான் ஒன்றும் வராது.

பதினொரு மாதமாயிற்று, கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து. அவர் பிழைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் செய்த ஜெபத்துக்கு நர்சுகள்கூட நின்று ஆமென் சொன்னார்கள்.

அவர் பிழைக்கவில்லை.

அதன் பிறகும் ஊருக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் பாட்டுக்குப் பேசியது. மனசு பக்கத்தில் வந்து நிற்கக்கூட இல்லை.

கண்ணை மூடினாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரம தகப்பனே..."

அட, வருகிறதே!

தெம்பாகத் தொடர்ந்தாள். குரல் தானாக ஏறியது. இந்த நல்ல வேளைக்காக நன்றி சொன்னாள். வர முடியாமல் போன சகோதரிகளை நினைவுகூர்ந்தாள். "இங்கே கூடி வந்திருக்கிற எங்கள் ஒவ்வொருவரையும்..."

நிறுத்தினாள்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

அரிசி டிரம். வெங்காயக் கூடை. கேஸ் சிலிண்டர்.

எல்லோரும் வந்திருந்தார்கள்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. டிரம்மைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவர் மட்டும் இருந்திருந்தால் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்கியிருப்பார்.

அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

"எதுக்குப்பா அவுகள எடுத்த?"

கூட்டத்தில் யாரும் கேட்டிராத குரல் அது. அடுப்படியில் பேசுகிற குரல்.

கேட்டுவிட்டுப் பயந்துபோனாள். ஆண்டவரிடம் இப்படியா பேசுவது?

இடி ஒன்றும் விழவில்லை.

பிறகு அவள் விடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே சண்டை பிடித்தாள். அவர் போன அந்த விடியற்காலையைப் பற்றிக் கேட்டாள். அவர் பாதி தின்றுவிட்டு வைத்த இட்லியைப் பற்றிக் கேட்டாள். நன்றாகச் சொன்னால் கேட்பாய் என்று நினைத்தேனே என்றாள். முன்னுக்குப் பின் முரணாக, மூச்சு வாங்க, பதினொரு மாதத்தையும் கொட்டித் தீர்த்தாள்.

பதில் வரவில்லை.

ஆனால் எதிரே யாரோ எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. நெஞ்சில் ஒரு சந்தோஷம் கிளம்பியது, அந்தச் சின்ன அறைக்குள் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கொண்டியைத் திறந்தாள்.

ஐந்து மணிக் கூட்டத்தில் வழக்கம்போல அவளைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். எப்படியும் கால் மணி நேரம் ஆகும் என்று பெண்கள் வாகாகச் சாய்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"அப்பா, நாங்க வந்திருக்கோம். நீயும் இருக்க. சந்தோஷமா இருக்கு. ஆமென்."

யாரும் உடனே ஆமென் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருத்தி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் ஐயரம்மா வாசலில் பிடித்துக்கொண்டார்.

"கிருபாமணியக்கா, என்னமோ விஷயம் சொல்லணும்னியளே?"

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"சொல்ல வேண்டிய ஆள்ட்ட சொல்லிட்டேம்மா."