லேசா ஒரு நாத்தம்

"போன வருசம் வந்தானே, ஜீவான்னு ஒரு தோல் ஷாப் ஆளு. அவன் வரலையே?"

பாகாயத்தில் கேரல் பாடப் போன எங்கள் சபைப் பாடகர் குழுவை வாசலிலேயே நிறுத்தி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டார்த்தி மேடம் கேட்டார். போன கிறிஸ்மஸுக்கு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜீவாவை மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று பாடச் சொன்ன புண்ணியவதி.

"இந்த வருசம் அவர் பாடலீங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு. உள்ள வாங்க."

ஜீவாவின் கனத்த குரல் இல்லாமல் பாட்டு தள்ளாடியது. முடிந்ததும் மேடம் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நீங்களும் தோல் ஷாப்பா தம்பி? லேசா ஒரு நாத்தம் வருது. தள்ளி நில்லுங்க."

"மருந்துக் கடை வச்சிருக்கேங்க."

எனக்கு அந்த வீட்டுக் கேக்கைத் தொடவே பிடிக்கவில்லை.

எங்கள் கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மட்டும் ராஜ மரியாதை. முகமூடியும் சிவப்பு அங்கியுமாக அவர் ஆடி முடித்ததும், மேடமே பேரக் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தார். "தாத்தாவுக்கு முத்தம் குடு செல்லம்" என்று சொல்லி, தானும் அவர் தோளில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

வேனில் ஏறியதும் தாத்தா முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இன்னாண்ணா நாத்தம் அந்த வூட்ல" என்றான் ஜீவா. "கொழந்த ஒண்ணுதான் மணக்குது."