மதிலைத் தாண்டிய கிளை

கம்பில் பூட்டிய ரம்பங்களைக் கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே நீளமானதைத்தான் அவள் வாங்கி வந்திருக்கிறாள். மதிலைத் தாண்டித் தன் முற்றத்துக்குள் வந்த மாங்கிளையில் அதை மாட்டி இழுக்கிறாள். மரத்தூள் வெயிலில் மின்னி இமைகளில் படிகிறது. கிளை நிறையப் பிஞ்சு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கொழுந்தன் ஓடி வருகிறான். "அண்ணி, காய்க்கிற கிளை! ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?" "நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உங்க அண்ணன் வச்ச வேப்பமரத்தை வேரோட சாய்ச்சீங்களே, அப்போ நீங்க பொறுத்தீங்களா தம்பி?" கிளை முறிந்து, பிஞ்சுகள் சடசடவென்று சிதறுகின்றன. அவளுக்குக் கை கடுக்கிறது. மனம் மட்டும் ஆறவில்லை. கம்பை இன்னும் நீட்டிப் பூட்டி, மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிளையில் ரம்பத்தை வைக்கிறாள்.