வறுத்த மல்லி

விழுங்கிவிட்டாள்.

துப்ப மறந்துபோனது. சிங்க் பக்கம் குனிந்த தலை பாதியிலேயே நின்றது.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சனிக்கிழமை காலை. மெல்போர்னில் வீட்டை ஒட்டிய கார் ஷெட். கார் வெளியே வெயிலில் நிற்கிறது. உள்ளே மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அதில் பன்னிரண்டு நாளாக நொதித்து அடங்கிய பீர். மூடியில் காற்றுப் போகச் செருகிய வளைகுழாய் முந்தாநாள்வரை குபுக் குபுக்கென்று பேசிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கும் பேச்சில்லை.

காய்ச்சுவது அவன். ருசி பார்ப்பது அவள்.

இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

அவன் ஈரல் அப்படி. ஒருநாள் குளியலறைத் தரை முழுக்க ரத்தமாய் வாந்தி எடுத்தான். துடைத்தவள் அவள். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

குடியை விட்டான். காய்ச்சுவதை விடவில்லை. குடிக்கத்தானே கூடாது என்றான். எடை போட்டு, சூடு பார்த்து, நேரம் பார்த்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்துக் காய்ச்சினான். பாட்டில்கள் தெருக்காரர்களுக்குப் போயின. ஒரு நாக்கு மட்டும் வேண்டியிருந்தது.

அவள் நாசரேத் ஊர்ச் சபையின் உபதேசியார் மகள். கல்யாண வீட்டில் பாட்டில் சத்தம் கேட்டாலே சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுகிற அப்பா. அவர் மகள்தான் அந்த நாக்கைக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்து, கொப்பளித்து, துப்பிவிட்டுச் சொல்வாள். கசப்பு தூக்கல். சோப்பு வாடை அடிக்கு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு. மீன்குழம்புக்குப் புளி பார்த்துப் பழகிய நாக்கு. சும்மா சொல்லக்கூடாது, ஒருதரமும் தப்பியதில்லை.

எட்டுத் தடவை காய்ச்சியாயிற்று. எட்டிலும் ஏதோ ஒரு குறை.

எல்லாம் ஒரே பீர்தான். கோதுமையும் பார்லியும், ஆரஞ்சுத் தோலும், கொத்தமல்லி விதையும் போட்டது. அவன் மனசுக்குள் ஒரு ருசி இருந்தது. அது மட்டும் வந்துவிட்டால் ஒரே ஒரு வாய் குடிப்பானாம். அப்புறம் ஜென்மத்துக்கும் தொடமாட்டானாம்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாயோடு நிறுத்துகிற ஆளா இவன்? பதினாறு வருடமாகப் பார்க்கிறாளே.

குறை இருக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வாயில் வைப்பாள்.

அப்புறம் ஏன்தான் அந்தக் காரியத்தைச் செய்தாளோ.

மல்லியைப் பச்சையாகவே இடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாராவது வறுக்காமல் போடுவார்களா? இந்த ஒன்பதாவது தடவைக்குப் பிடுங்கிக்கொண்டு போய் இரும்புச் சட்டியில் போட்டாள். வாசம் எழும்பியதும் இறக்கினாள். ஷெட்டிலிருந்தவன் அடுப்படி வாசலுக்கே வந்து நின்று மூச்சை இழுத்தான். என்ன மணம் சுகிர்தா என்றான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பாவி, கெட்டிக்காரத்தனம் காட்டுகிற இடமா அது?

இப்போது அந்த மல்லி அவள் தொண்டையில் மணக்கிறது. பின்னாலேயே ஆரஞ்சு வருகிறது. கசப்பு எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கிறது. ஒரு குறை இல்லை. பாழாய்ப்போன நாக்கு இன்னொரு வாய் கேட்கிறது.

"எப்படிட்டி இருக்கு?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"புளிச்சுப் போச்சு. கீழ ஊத்திருங்க."

அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் பொய்.

அவன் தம்ளரை வாங்கினான். மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடிக்கொண்டான்.

கர்த்தரே, கர்த்தரே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஓடியது. தட்டிவிடலாமா என்று கை பரபரத்தது.

உதட்டுக்கும் தம்ளருக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை.

மூச்சை ஆழ இழுத்தான்.

பிறகு தம்ளரை சிங்க்கில் கவிழ்த்தான். பீப்பாயின் அடிக்குழாயில் ரப்பர் டியூபை மாட்டினான். மறுமுனையைச் சாக்கடைத் துளைக்குள் விட்டுத் திறந்தான்.

ஷெட் முழுக்க மணந்தது. புளித்துப்போன எதுவும் அப்படி மணக்காது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓடி முடிய இருபது நிமிடம் ஆயிற்று.

நோட்டை எடுத்தான். புதுப் பக்கம். கோதுமை. பார்லி. ஆரஞ்சுத் தோல். பழைய பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தான். ஒரு கிராம்கூட மாற்றவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். கெட்டுப்போனதை யாராவது அதே அளவில் திருப்பி எழுதுவார்களா?

மல்லிக்கு வந்ததும் பேனா நின்றது. அது மட்டும் அவன் கையால் நடந்ததல்ல. பழைய பக்கத்தில் 'வறுத்தது' என்றுதான் இருந்தது. நேரம் எழுதவில்லை.

தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மல்லிய எவ்ளோ நேரம் வறுத்தே?"

அவள் அவனுடைய குனிந்த பிடரியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ரொம்ப மெலிந்துபோயிருந்த பிடரி. இப்போதுதான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

"கருகுற வரைக்கும்."

அவன் நிமிர்ந்தான். அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று அந்த மணத்தை இழுத்தவன். அவளையே பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை.

பேனா மறுபடி தாளில் இறங்கியது.

மல்லி, கருகும்வரை, என்று எழுதினான்.

அடியில் ஒரு கோடும் போட்டான்.