பல்லியின் முதல் பதிவு

டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு வலைப்பூ தொடங்கும் ஆசை வந்தது. பெயர் வைத்தாயிற்று. வால் இருந்த காலத்துப் படத்தையும் போட்டாயிற்று. எழுதத்தான் கை வரவில்லை.

"யாருமே படிக்கலைன்னா?" என்றது பல்லி.

"நிம்மதி" என்றது கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்த கரப்பான்.

"எல்லாரும் படிச்சிட்டுத் திட்டினா?"

"அந்த அளவுக்கெல்லாம் ஆசைப்படாதே. முதல்ல எழுது."

பல்லி மனதைத் திறந்து எழுதியது. வாய்க்கு எட்டிய ஈசல் தப்பியது, வால் போன அன்று அழுதது, எல்லாம். வெளியிட்டுவிட்டுக் காத்திருந்தது. ஒரே ஒரு பார்வை வந்தது. அதுவும் பல்லியே திறந்து பார்த்தது.

நொந்துபோய்ச் சுவரில் ஏறி, "ச்சு, ச்சு" என்றது.

கீழே, மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரம் அப்படியே நின்றார். "பல்லி சொல்லுது! எந்தத் திசையில இருந்து? கிழக்கா, தெற்கா?"

வீடே கூடிப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்த்துச் சண்டை போட்டது. கடைசியில் பயணமே ரத்தானது.

"பார்த்தியா, உனக்கு எவ்வளவு கூட்டம்!" என்றது கரப்பான்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதான் கூட்டம்."

பல்லி யோசித்தது. பழைய பதிவை அழித்துவிட்டு, "ச்சு, ச்சு" என்று மட்டும் எழுதி வெளியிட்டது.

விடிவதற்குள் பின்னூட்டங்கள் குவிந்துவிட்டன. "அருமை." "ஆழமான பதிவு." "கண் கலங்கிவிட்டது, தொடருங்கள்."

ஒருவர் மட்டும் சந்தேகம் கேட்டிருந்தார்: "எந்தத் திசையில் உட்கார்ந்து எழுதினீர்கள்?"