சோபாவுக்கு வைத்தியம்

"ரெண்டு பேரும் சேர்ந்தே உட்காருங்க. ஒத்தை ஆள் உட்கார்ந்தா அது வாயே திறக்க மாட்டேங்குது."

மருமகள் சொன்னபடி கணவன் சோபாவில் உட்கார்ந்தான். அவன் மடியில் மாமனார் உட்கார்ந்தார்.

'கிரீ...ச்ச்!'

"போச்சு!" என்று தலையில் கை வைத்தாள் மருமகள்.

"எறங்குங்கப்பா, தொடை மரத்துப் போச்சு."

"சின்ன வயசுல உன்னை மடியில வச்சிருந்தப்ப, ஒரு நாளாவது நான் இப்படிச் சொல்லியிருப்பேனாடா?" என்றபடி இறங்கினார் மாமனார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் இதே சோபாவால்தான் வந்தது வினை. அன்று நாத்தனார் வந்து இதில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். 'கொஞ்சம்' என்பது மரியாதைக்கு. சோபா கிரீச்சிட்டது. உடனே கொழுந்தன், சோபாவின் குரலிலேயே, "ஐயோ, யாராவது என்னைக் காப்பாத்துங்களேன்!" என்று கதறினான். வேலைக்குப் போகிற வயசிலும் அவனுக்கு வீட்டில் 'வாலு' என்றுதான் பெயர்.

வீடே சிரித்தது. மாமனார் உட்பட. மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத்தான் செய்தாள்.

பையை எடுத்துக்கொண்டு போனவள்தான் நாத்தனார். அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. மாமனார் எப்போது போன் செய்தாலும், "வேலையா இருக்கேன்ப்பா." நேற்றுதான் மனசு இறங்கி, "நாளைக்கு வர்றேன். சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவேன்" என்றிருந்தாள்.

இன்றைக்கும் கிரீச்சிட்டால், இனி அப்பா வீடு என்ற பேச்சே அவள் வாயில் வராது.

காலையிலிருந்து சோபாவைக் குப்புறப் போட்டு வைத்தியம் நடந்தது. போல்டுகளை முறுக்கினார்கள். ஒரு கால் தரையில் படாமல் ஆடியது. அடியில் அட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பலகையும் சட்டமும் உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தார்கள். உள்ளே நடுச்சட்டத்தில் ஒரு விரிசல். அதற்கு மட்டும் தச்சர் வந்தாக வேண்டும். அவரோ ஊரில் இல்லை.

"தூக்கி ரூம்ல போட்டுடலாமா?" என்றான் கணவன்.

"'எனக்குப் பயந்து சோபாவையே ஒளிச்சு வச்சிட்டீங்களா'ன்னு கேப்பாடா." மாமனார் தலையை ஆட்டினார்.

"அப்ப வந்ததும் நேரா சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள் மருமகள். "அந்த நாற்காலி எல்லாம் கெட்டி. முணுக்குனு சத்தம் வராது."

"நாற்காலியை நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தான் வாலு.

"நீ ஒண்ணும் பார்க்க வேண்டாம். உன் வாயைப் பார்த்துக்கிட்டாப் போதும்."

அவள் காபி கலக்கப் போனாள். டிகாக்‌ஷனைக் கூட இறக்கவில்லை, சாப்பாட்டு அறையிலிருந்து 'கிரீச்' என்றது.

ஓடி வந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து வாலு தலையை நீட்டினான்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். 'கிரீச்!' அடுத்தது 'கிர்ர்ரக்!' அதற்கடுத்தது 'க்வீக்!'

"அடப்பாவி! நல்லா இருந்ததை எல்லாம் லூசாக்கி வச்சிருக்கியே!"

"விழாது அண்ணி. சத்தம் மட்டும்தான்."

"அந்தச் சத்தத்துக்குத்தானே எல்லாரும் செத்துக்கிட்டு இருக்கோம்! உங்கப்பா காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. இன்னிக்குமாடா உன் விளையாட்டு? முறுக்குடா, எல்லாத்தையும் திருப்பி முறு..."

வாசல் மணி அடித்தது.

நாத்தனார் உள்ளே வந்தாள். கண் முதலில் சோபாவுக்குத்தான் போனது. சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

"நான் நின்னுக்கறேன். உடனே கிளம்பணும்."

"ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார் மாமனார். அவரே நாற்காலியை இழுத்தும் போட்டார்.

காபித் தட்டோடு வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். உட்காராதே என்று எந்த வாயால் சொல்வது?

நாத்தனார் பார்த்துப் பார்த்து, நுனியில்தான் உட்கார்ந்தாள்.

'கிரீச்!'

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. கை பையைத் தேடியது.

பதறிப்போன மாமனார் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். 'கிர்ர்ரக்!'

அவர் பக்கத்தில் கணவனும் உட்கார்ந்தான். 'க்வீக்!'

பையைத் தேடிய கை நின்றது.

கடைசியில் வாலு. வீட்டிலேயே ஒல்லிப்பிச்சான், துணியோடு சேர்த்துக் கொடியில் காயப் போட்டாலும் கொடி தொங்காது. மெல்ல உட்கார்ந்தான். அவன் நாற்காலி ஒப்பாரியே வைத்தது.

நாத்தனார் அவனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, பொத்துக்கொண்டு சிரித்தாள்.

இதுவரை வாலுவின் கழுத்தை நெரிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்த மருமகள், தட்டை மேஜையில் வைத்தாள். மிச்சமிருந்த நாற்காலியை இழுத்து, இருக்கிற கனத்தை எல்லாம் போட்டு அழுந்த உட்கார்ந்தாள்.

"ஏண்டா வாலு, இந்த வீட்ல எல்லாமே இப்படித்தானா? நான் என்னமோ, நான் உட்கார்ந்தாத்தான்னு..." நாத்தனாரால் முடிக்க முடியவில்லை.

வாலு தலை நிமிரவில்லை.

"எல்லாமே இப்படித்தான்க்கா. அன்னிக்கு உன்னோடதுக்கு மட்டும் நாங்க சிரிச்சிட்டோம்."