டோல்கேட்டில் ஒரு கான்டெசா

டோல்கேட் சிக்னலுக்கு முன்னால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அமரர் ஊர்தி நகர வழியில்லாமல் நிற்கிறது. உள்ளே குளிர்ப்பெட்டியில் பீம்ராவ் கிடக்கிறான். நேற்று மணலியில் டேங்கர் கழுவ உள்ளே இறங்கி விஷவாயுவில் போனவன், இன்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கிடைத்திருக்கிறான். கண்ணாடி மூடி முழுக்க ஈரம் பூத்து அவனை மறைக்கிறது. பக்கத்துப் பலகையில் அவன் கூட்டாளி துரை, பீம்ராவின் செருப்பு போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறான். டீசல் புகையில் வெயில் பழுப்பாகக் காய்கிறது. அப்போது எதிர்ப்பக்கம், லாரிகளின் இடுக்கிலிருந்து நீளமான கறுப்பு மூக்கு ஒன்று வெளியே வருகிறது. பழைய கான்டெசா கார். அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வருகிறது. இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் அந்த வண்டி மேல்தான் பைத்தியம். ரோட்டில் எவன் முதலில் பார்க்கிறானோ, அவன் மற்றவன் தோளில் ஓங்கி அறைந்து "என்து!" என்று கத்த வேண்டும்; அன்றைக்கு வண்டி அவனுக்குச் சொந்தம். பெரும்பாலும் அறை வாங்கியது துரைதான். இன்று அவன் கை தானாகவே எழும்பிப் பெட்டியின் மேல் இறங்குகிறது. கண்ணாடி மூடி அதிர்கிறது. டிரைவர் பதறித் திரும்புகிறார்.

"இன்னா நைனா, ஓரங்கட்டணுமா?"

கான்டெசா ஜன்னலைத் தாண்டிப் போகிறது. கண்ணாடியில் ஈரம் கலைந்த இடத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்கு, பீம்ராவின் தோள் தெரிகிறது.

"ஒண்ணும் இல்லப்பா," என்கிறான் துரை. "கை பட்டுகிச்சி. நீ போ."